ஒரு டிக்கெட்டுக்கு இரண்டு கதை

விளக்கு எரிந்ததும் மாணிக்கவாசகம் விழித்துக்கொண்டார்.

அவர் விழித்த இடம் மலாக்காவில் காஜா பெராங் பகுதியின் பஷீரா டாக்கீஸ். திரைக்குப் பக்கத்தில் போட்டிருந்த முக்காலியில் கையில் மைக்கோடு உட்கார்ந்திருந்தார். எதிரே கொட்டகை நிறைய ஜனம். அத்தனை பேரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இப்போது ஓடி முடிந்த ரீலில் என்ன நடந்தது என்று அவர் மலாயில் சொல்லியாக வேண்டும். என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியாது.

பஷீரா டாக்கீஸில் படம் காட்டும் மெஷின் ஒன்றே ஒன்றுதான். ஒரு ரீல் முடிந்தால் விளக்கைப் போட்டுவிட்டு ஆப்பரேட்டர் சேதுராமன் அடுத்த ரீலை மாட்டுவார். தமிழ் தெரிந்தவர்கள் அந்த இடைவெளியில் பீடி பிடிக்கவும் தேத்தண்ணி குடிக்கவும் வெளியே போய்விடுவார்கள். மிச்சம் இருப்பவர்கள் காஜா பெராங் சிட்டிக் குடும்பத்தார். மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள், தமிழ்ப் பெயர் வைத்துக்கொள்கிறவர்கள். பேச்சு மட்டும் எத்தனையோ தலைமுறைக்கு முன்பே மலாயாகிவிட்டது. தமிழ்ப் படம் வந்தால் ஒன்றை விடமாட்டார்கள். ஒரு வார்த்தையும் புரியாது. அவர்களுக்குக் கதை சொல்லத்தான் மாணிக்கவாசகமும் மைக்கும்.

பகலில் அவர் ஜவுளிக்கடையில் துணி அளந்து கிழிப்பவர். "இது சாயம் போகாதும்மா" என்று அவர் சொன்னதை இதுவரை ஒரு பெண்பிள்ளையும் நம்பியதில்லை. அதே வாயால் மைக்கில் "ஐயோ, அவள் தாலி போய்விட்டது" என்றால் கொட்டகையே அழுதது. ஒரு மனுஷனுக்கு வேறென்ன வேண்டும்? அந்த மைக்குக்காக அவர் உயிரைக்கூடக் கொடுப்பார். தூக்கத்தைத்தான் கொடுக்க முடியவில்லை. நாள் முழுக்க நின்ற கால், இருட்டு, தகரக் கூரையில் மழை, காற்றாடியின் முனகல் எல்லாம் சேர்ந்து அன்றைக்கு அவரைக் கவிழ்த்துவிட்டன.

முதல் ரீலை அவர் ஒழுங்காகத்தான் பார்த்தார். ஒழுங்காகத்தான் சொன்னார். படத்தில் ஒரு பணக்கார வீட்டு மாமியார். கழுத்து நிறைய நகை, கண் நிறைய விஷம். ஏழை வீட்டிலிருந்து வந்த மருமகளை அவள் படுத்துகிற பாட்டை எல்லாம் மாணிக்கவாசகம் சொன்னபோது, முன்வரிசையிலிருந்த சிட்டிக்காரப் பெரியம்மாள் மாக் பொன்னம்மா ஒரு வார்த்தை சொன்னார். அவர் சொன்னது மலாயில். சிட்டிக்காரர்கள் பேசுவதையும் மைக்கில் பேசுவதையும் நாம் தமிழிலேயே கேட்டுக்கொள்வோம்.

"சரியாகத்தான் செய்கிறாள். மருமகளை அப்படித்தான் வைக்க வேண்டும்."

மாக் பொன்னம்மா சொன்னால் அந்த வரிசை முழுக்கத் தலையாட்டும். அந்த வரிசையில் இருந்ததெல்லாம் அவர் கூட்டிவந்த ஜனம். அவர் பக்கத்தில் ஒரு சின்னப் பெண் ஓலை விசிறியால் அவருக்கு விசிறிக்கொண்டிருந்தாள்.

அதற்கப்புறம் இரண்டாவது ரீல் தொடங்கியது. மாமியார் கரண்டியை ஓங்கினாள். அந்தக் கரண்டி எங்கே இறங்கியது என்பதை மாணிக்கவாசகம் பார்க்கவில்லை. அவர் அப்போது கிளேபாங் கடற்கரையில் இருந்தார்.

கனவில்தான். நல்ல நிலா. கடல் முழுக்க யாரோ மல் துணியை விரித்து வைத்தது போல வெளுத்துக் கிடந்தது. அலை இல்லை, சத்தம் இல்லை. தூரத்தில் ஒரு படகு. படகில் ஒரு அம்மாள் கையில் சோற்றுக் கிண்ணத்தோடு நின்று, கரையில் நிற்கிற மகளைச் சாப்பிடக் கூப்பிடுகிறாள். வாய் மட்டும் அசைகிறது, குரல் வரவில்லை. படகு கிட்டே வந்தபோது முகம் தெரிந்தது. படத்து மாமியாரின் முகம். கழுத்தில் அதே நகைகள். ஆனால் கண்ணில் அப்படி ஒரு பாசம்.

அப்போதுதான் விளக்கு எரிந்தது.

"சகோதர சகோதரிகளே" என்று தொடங்கினார் மாணிக்கவாசகம். தொண்டையைக் கனைத்தார். வேறு எதுவும் தோன்றவில்லை. கண்ணில் கனவுதான் நின்றது. "இந்தப் பெரிய அம்மாளைக் கொடுமைக்காரி என்று நாம் எல்லோரும் நினைத்தோம். நானும் நினைத்தேன். இல்லை. அவள் அந்தப் பெண்ணைப் பெற்ற தாய்."

கொட்டகை முன்னால் சாய்ந்தது.

"குழந்தையாக இருந்தபோதே ஒரு சோதிடன் சொல்லிவிட்டான். இவள் மேல் நீ பாசத்தைக் காட்டினால் இவள் உயிருக்கு ஆபத்து என்று. அதனால்தான் திட்டுகிறாள். அதனால்தான் கரண்டியைத் தூக்குகிறாள். ராத்திரி யாருக்கும் தெரியாமல் அழுகிறாள்."

"அய்யோ" என்றார் மாக் பொன்னம்மா.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். ஐயா என்பதற்கு அவர்கள் சொல்வது என்சே.

"என்சே மாணிக்கம், ஒரு சந்தேகம். அவள் தாய் என்றால், புருஷன் அவளுக்கு அண்ணன் ஆகவில்லையா?"

இந்தக் கோணத்தை மாணிக்கவாசகம் யோசிக்கவில்லை.

"அவன் அவள் பெற்ற பிள்ளை இல்லை. ஆற்றில் கூடையில் வந்த பிள்ளை."

"யார் பிள்ளை?"

"அது பின்னால் வரும்" என்று சொல்லிவிட்டு முக்காலியில் உட்கார்ந்தார். விளக்கு அணைந்தது. இந்த உலகத்தில் விளக்கு அணைவதைப் போல நல்ல விஷயம் வேறில்லை என்று அவருக்குத் தோன்றியது.

ஆனால் அடுத்த ரீலில் அந்தப் பெற்ற தாய், காய்ச்சிய இரும்பை எடுத்து மகள் கையில் வைத்தாள். மாணிக்கவாசகம் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தார். "கிரக தோஷம் கழிக்கிறாள், மகளுக்குச் சுட்டால் தாய்க்கு நெஞ்சு வேகிறது" என்று சொல்லிச் சமாளித்தார். அதற்கடுத்த ரீலில் அவள் பாலில் விஷத்தைக் கலந்தாள். "மருந்து" என்றார். அந்தப் பாலைக் குடித்த பூனை அங்கேயே செத்து விழுந்தது.

"பூனைக்கு என்ன?" என்று பலபேர் கேட்டார்கள்.

"அதற்கு ஏற்கெனவே உடம்பு சரியில்லை."

பிறகு மருமகளைக் கொட்டும் மழையில் தெருவில் தள்ளிவிட்டு, மாமியார் ஜன்னலில் நின்று கைகொட்டிச் சிரித்தாள். "சிரிப்பு மாதிரி தெரியும், ஆனால் அது அழுகை. இந்த நடிகைக்கு அழுகை அப்படித்தான் வரும்" என்றார். கடைசி ரீலில் மருமகள் கோயில் வாசலில் செத்துப் போனாள். மாமியார் மேல் இடி விழுந்தது. மாணிக்கவாசகம் எழுந்து நின்று, மகள் சாகவில்லை, களைத்துத் தூங்குகிறாள், இடியைத் தாய்தான் வேண்டிக் கேட்டுத் தன் தலையில் வாங்கிக்கொண்டாள் என்று சொல்லி முடித்தபோது அவருக்கே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

கொட்டகை விம்மிக்கொண்டே கலைந்தது. மாக் பொன்னம்மா கெபாயாச் சட்டை நுனியில் மூக்கைத் துடைத்துக்கொண்டு மைக்குக்கே வந்துவிட்டார்.

"என்சே மாணிக்கம், இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு கதை நான் கேட்டதில்லை. நாளைக்கும் வருவேன். இது என் மருமகள் அஞ்சலை, புதுசு. ஜாசின் பக்கத்து ரப்பர்த் தோட்டத்துப் பெண். தமிழ் நன்றாக வரும்."

வெற்றிலைப் பெட்டி, தண்ணீர்க் கூஜா, பாய், விசிறி எல்லாவற்றையும் சுமந்துகொண்டு பின்னால் நின்ற அந்தச் சின்னப் பெண் மாணிக்கவாசகத்தை நேராகப் பார்த்தாள்.

"வணக்கம்ண்ணே. ரொம்ப நல்லா சொன்னீங்க."

அவ்வளவுதான் சொன்னாள். அவளுக்குப் படம் முழுக்கப் புரிந்திருக்கும் என்று மாணிக்கவாசகத்துக்கு உறைத்தது.

டிக்கெட் கூண்டிலிருந்து முதலாளி காதர் மைதீன் எட்டிப் பார்த்தார். அவருக்குத் தமிழும் தெரியும், மலாயும் தெரியும்; படம் மட்டும் பார்க்கமாட்டார். உள்ளே போய் உட்கார்ந்தால் வாசலை யார் பார்ப்பது என்பார்.

"என்னப்பா மாணிக்கம், எல்லாம் அழுதுகிட்டே போகுதுங்க. நல்ல அழுகையா, கெட்ட அழுகையா?"

"நல்ல அழுகைதான் முதலாளி."

"மெர்டேக்கா வாரம்ப்பா, சொதந்தர நாளு வருது. கோட்டை வாசலப் பாக்க வர்ற வெளியூர்க்காரன் எல்லாம் நம்ம கொட்டாயிக்கும் வருவான். யாராச்சும் ஒருத்தரு வந்து கொற சொன்னாலும் மைக்கக் கழட்டி வேற ஆள்கிட்ட குடுத்துருவேன். அப்பறம் நீ வாசல்ல நின்னு டிக்கெட்டு கிழி."

பகலில் துணி கிழிப்பது, சாயந்திரம் டிக்கெட் கிழிப்பது. மாணிக்கவாசகம் அந்த வாழ்க்கையை நினைத்துப் பார்த்தார். அன்றைக்கு வீட்டுக்குப் போயும் தூக்கம் வரவில்லை. தூக்கம் எப்போதும் அவருக்கு வேண்டாத இடத்தில்தான் வரும்.

மறுநாள் ஒரு முடிவோடு வந்தார். கண்ணைத் திறந்து வைத்துப் படத்தை முழுக்கப் பார்ப்பது. கதையைக் கொஞ்சம் கொஞ்சமாக உண்மைப் பக்கம் தள்ளிக்கொண்டு போவது. வாரம் முடிவதற்குள் மாமியாரை மாமியாராக ஆக்கிவிடுவது.

சேதுராமனிடம் முழுக் கதையையும் கேட்டார்.

"எனக்கென்னாண்ணே தெரியும்? ஓட்டை வழியா ரீல் ஓடுதா, அறுந்துச்சான்னுதான் பாப்பேன். அஞ்சாவதுல மழை, கடைசியில சாவு. இது போதாதா?"

அப்போது மூன்று சக்கர சைக்கிள் வண்டி ஓட்டும் திரிஷாக்காரர் ஹாஜா வாசலில் மணி அடித்தார்.

"மாணிக்கம் அண்ணே, சாப்பாடு. மாக் பொன்னம்மா வூட்டுலேர்ந்து குடுத்துவுட்டாங்க."

அடுக்குப் பாத்திரத்தைத் திறந்ததும் மாணிக்கவாசகம் ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டார். தேங்காய்ப்பாலில் வெந்த சோறு, ஒவ்வொரு பருக்கையிலும் எண்ணெய் மினுங்கியது. அடுத்த தட்டில் மீன் குழம்பு, அதற்கு மேல் இறால் விழுது சேர்த்து அரைத்த பெலாச்சான் சம்பல், கடைசித் தட்டில் சவ்வரிசிக் கஞ்சி. சமைத்துப் போட ஆளில்லாத மனுஷர். கடைச் சோற்றில் காலம் தள்ளுகிறவர். ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை.

"என் கதைக்கு மயங்கி அந்தம்மா சோறு அனுப்புது, பாரு" என்று சேதுராமனிடம் பெருமையாகச் சொன்னார்.

அன்றைக்கு முதல் ரீல் முடிவதற்குள்ளேயே கிளேபாங் போய்ச் சேர்ந்துவிட்டார். அதே நிலா, அதே வெள்ளைக் கடல். விளக்கு எரிந்தபோது கதை உண்மைப் பக்கம் தள்ளப்படவில்லை. அந்தத் தாய் ஒரு காலத்தில் படகோட்டியின் மகளாக இருந்தாள் என்ற புதுச் செய்திதான் கிடைத்தது.

அன்றைக்குத்தான் ஒரு வெளியூர் ஜோடி மாட்டியது. கருணாகரன் என்று ஒருவரும் அவர் மனைவியும். சிங்கப்பூர்க்காரர்கள், மெர்டேக்கா பார்க்க மலாக்காவுக்கு வந்தவர்கள். கையில் ஒரு பெரிய தகரப் பெட்டி. அதை விட்டுவிட்டுப் போக முடியாததால் ரீல் இடைவெளியில் அவர்கள் வெளியே போகவில்லை. இரண்டு பேருக்கும் தமிழும் தெரியும், மலாயும் தெரியும். பூனைக்கு ஏற்கெனவே உடம்பு சரியில்லை என்று மாணிக்கவாசகம் சொன்னபோது கருணாகரன் பெட்டியைத் தட்டிச் சிரித்தார்.

படம் முடிந்ததும் மாணிக்கவாசகம் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, முதலாளிகிட்ட சொல்லிராதீங்க."

"ஏன் சொல்லப்போறேன்? படத்துல ஒரு கதை, உங்க வாயில ஒரு கதை. இந்த மாதிரி சிங்கப்பூர்ல கூட இல்லைங்களே!"

"நாளைக்கு வாங்க, தேத்தண்ணி வாங்கித் தரேன். வாயத் தொறக்காதீங்க, அது போதும்."

கருணாகரன் வந்தார். தனியாக வரவில்லை. தங்கியிருந்த விடுதியிலிருந்து தமிழ் தெரிந்தவர்களை எல்லாம் கூட்டிக்கொண்டு வந்தார். மூவாரிலிருந்து வந்தவர்கள், தம்பினிலிருந்து வந்தவர்கள், கோட்டையைப் பார்த்துவிட்டு அடுத்து என்ன பார்ப்பது என்று தெரியாமல் நின்றவர்கள். "ஒரு டிக்கெட்டுக்கு ரெண்டு கதை" என்ற பேச்சு புக்கிட் பாரு, செங் வரைக்கும் போய்விட்டது. அதுவரை இடைவெளியில் பீடி பிடிக்கப் போன உள்ளூர்க்காரர்களும் இடத்தை விட்டு எழ மறுத்தார்கள். தேத்தண்ணிக் கடைக்காரர் வியாபாரம் படுத்துவிட்டது என்று புலம்பிக்கொண்டு அவரும் உள்ளே வந்து உட்கார்ந்தார்.

அதாவது, கொட்டகையில் இப்போது பாதிப்பேருக்கு விஷயம் தெரியும். ஒரு வாய் திறந்தால் போதும். அதிலும் ஒரு வாய் மாக் பொன்னம்மாவின் தோளுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது. அஞ்சலை சிரிக்கவில்லை, அழவில்லை. மாணிக்கவாசகத்தை மட்டும் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மாணிக்கவாசகம் ஒரு யோசனை செய்தார். சேதுராமனிடம் சத்தத்தைக் குறைக்கச் சொன்னார். தமிழே கேட்கவில்லை என்றால் அஞ்சலைக்கு எப்படிப் புரியும்? உடனே தமிழ் ஜனம் நாற்காலியைத் தட்டி "சவுண்டு! சவுண்டு!" என்று கத்தியது. பயந்துபோன சேதுராமன் குமிழை ஒரேயடியாகத் திருப்பிவிட்டார். சரியாக அந்த இடத்தில்தான் மாமியார் பாலில் விஷம் கலந்துகொண்டிருந்தாள். "செத்தொழியட்டும் சனியன்!" என்று அவள் போட்ட சத்தம் தகரக் கூரையில் மோதிக் காஜா பெராங் முழுக்கக் கேட்டது.

மாக் பொன்னம்மா அஞ்சலையைத் திரும்பிப் பார்த்தார். "என்ன சொல்கிறாள்?"

அஞ்சலை மாமியார் காதருகே குனிந்து ஏதோ சொன்னாள். மாக் பொன்னம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். அவ்வளவுதான், தொலைந்தோம் என்று மாணிக்கவாசகம் நினைத்தார். ஆனால் ஒன்றும் நடக்கவில்லை. நடக்காததுதான் அவரை இன்னும் வதைத்தது. இந்தப் பெண் எதற்கோ காத்திருக்கிறாள்.

அடுத்த நாள் அஞ்சலையின் இடத்தைத் தூணுக்குப் பின்னால் மாற்றிப் பார்த்தார். மாக் பொன்னம்மாவே எழுந்து வந்து தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தார். அவர் வந்ததும் அந்த வரிசை முழுக்கப் பாயும் கூஜாவுமாக இடம் பெயர்ந்தது. தூணுக்குப் பின்னாலிருந்து மாணிக்கவாசகம் தெரியவில்லை என்று ஆளுக்கொரு குரல் எழுப்பியதால், கடைசியில் அவர் முக்காலியைத் தூக்கிக்கொண்டு அவர்கள் பக்கம் போக வேண்டியதாயிற்று. இப்போது அஞ்சலை கை நீட்டினால் தொடுகிற தூரம்.

அவர் வேறொன்றையும் கவனித்தார். வெற்றிலைப் பெட்டியை இப்போது மாக் பொன்னம்மாவே தூக்கி வந்தார். மறுநாள் கூஜாவும் அவர் கைக்கு வந்துவிட்டது. அதற்கு மறுநாள் மாமியாரும் மருமகளும் ஒரே திரிஷாவில் தோள் உரச வந்து இறங்கினார்கள். அஞ்சலையின் கெபாயாவில் மாமியாருடைய பழைய காலத்துத் தங்கச் சட்டை ஊசி ஒன்று மின்னியது.

"மாமியாளையே கைக்குள்ள போட்டுக்கிட்டாடா" என்றார் மாணிக்கவாசகம், சேதுராமனிடம். "இனிமே அவ சொன்னா அந்தம்மா நம்பும். என்னைய மாட்டிவிடத்தான் இவ்வளவும்."

"நீங்க சாப்புடுங்கண்ணே, ஆறிப்போவுது" என்றார் சேதுராமன்.

அடுக்குப் பாத்திரம் தவறாமல் வந்துகொண்டிருந்தது. சோறு நாளுக்கு நாள் கனத்தது. மாணிக்கவாசகமும் தவறாமல் சாப்பிட்டார், தவறாமல் தூங்கினார், தவறாமல் கடலுக்குப் போனார். பகலில் துணி அளக்கும்போதுகூட முழக்கோல் நுனியில் அந்த நிலா வெளிச்சம் தெரிந்தது. வாடிக்கைக்காரப் பெண்கள் சாயத்தைப் பற்றிக் கேட்கவில்லை. "அந்தப் படகோட்டி என்ன ஆனான்?" என்று கேட்டார்கள்.

கடைசி நாள் வந்தது. மறுநாள் மெர்டேக்கா. தெருவெல்லாம் கலர் பல்பு, கொட்டகை வாசலில் காகிதக் கொடிகள். காதர் மைதீன் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்து மாணிக்கவாசகத்தின் தோளைத் தட்டினார்.

"இன்னைக்கு நானும் உள்ள வந்து ஒக்காந்து பாக்கப்போறேன்ப்பா. ஊரே பேசுது. அப்படி என்னதான் சொல்றே?"

மாணிக்கவாசகம் கணக்குப் போட்டார். இனி தப்ப முடியாது. முதலாளி கண்ணெதிரே அஞ்சலை எழுந்து நின்று சொல்வதைவிட, தானே சொல்லிவிடுவது மரியாதை. கடைசி ரீலுக்கு முன்னால் எழுந்து உண்மையைச் சொல்லி, மன்னிப்புக் கேட்டு, மைக்கை வைத்துவிடுவது. அதற்கு முதலில் விழித்திருக்க வேண்டும். ஹாஜா கொண்டுவந்த அடுக்குப் பாத்திரத்தை மூடி திறக்காமலே சேதுராமனிடம் நீட்டினார்.

"நீ சாப்பிடு. எனக்கு இன்னைக்கு எறங்காது."

சேதுராமன் அங்கேயே சாப்பிட்டு முடித்து, காலி அடுக்கை முக்காலி அடியில் வைத்துவிட்டு மேலே ஏறினார். மாணிக்கவாசகம் கறுப்புக் காப்பியாகக் குடித்துவிட்டு முக்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த வாரத்தில் முதல்முறையாகப் படத்தை முழுக்கப் பார்த்தார். மோசமான படம். ஒவ்வொரு இடைவெளியிலும் வாய் பழக்கத்தில் பழைய கதையையே சொன்னது. காதர் மைதீன் புருவத்தைத் தூக்கிக்கொண்டே போனார்.

கடைசி ரீலுக்கு முந்தைய ரீல் ஓடி முடிந்தது. விளக்கு எரியவில்லை. படமும் வரவில்லை. திரை முழுக்க வெறும் வெள்ளை வெளிச்சம். மேலே ஆப்பரேட்டர் அறை ஓட்டை வழியாக ஒரு சத்தம் இறங்கி வந்தது. சேதுராமன் குறட்டை. கதவைப் போய் இடித்தார்கள். உள்ளே தாழ்ப்பாள். தேங்காய்ப்பால் சோறு தன் வேலையைச் செய்துவிட்டிருந்தது.

விசில் கிளம்பியது. மாணிக்கவாசகம் எழுந்தார். சொல்ல வேண்டிய நேரம் இதுதான்.

"சகோதர சகோதரிகளே, இந்த ஒரு வாரமாக நான் உங்களுக்குச் சொன்னதெல்லாம்..."

அப்போது அவர் கண் முன்வரிசையில் பட்டது. வெள்ளைத் திரையின் வெளிச்சத்தில் எல்லோர் முகமும் தெளிவாகத் தெரிந்தது. மாக் பொன்னம்மாவின் கையில் ஓலை விசிறி. அவர் மருமகளுக்கு விசிறிக்கொண்டிருந்தார். புழுக்கத்தில் அஞ்சலையின் நெற்றியில் ஒட்டிய முடியை இன்னொரு கையால் ஒதுக்கிவிட்டார். தான் செய்வது அவருக்கே தெரிந்ததாகத் தோன்றவில்லை.

மைக் போனால் போகட்டும். இந்த விசிறியை நிறுத்துகிற வார்த்தை தன் வாயிலிருந்து வராது என்று மாணிக்கவாசகத்துக்குத் தெரிந்துவிட்டது. பொய் சொல்லப் பயந்துகொண்டே ஒரு வாரம் பொய் சொன்னவருக்கு, இப்போது பயம் விட்டுப் போயிற்று.

"...இந்தக் கடலுக்குக் கொண்டுவந்து சேர்க்கத்தான்" என்று முடித்தார். "பாருங்கள். இந்த வெள்ளை எல்லாம் கடல். கிளேபாங் கடல் மாதிரி ஒரு கடல். நிலா தலைக்கு மேலே இருக்கிறது, அதனால் நமக்குத் தெரியாது. உற்றுப் பாருங்கள். தூரத்தில் ஒரு படகு."

கொட்டகை உற்றுப் பார்த்தது. மெஷின் வெளிச்சத்தில் சுற்றிய ஒரு விட்டில் பூச்சியின் நிழல் திரையில் மெல்ல நகர்ந்தது.

"ஆமா, வருது!" என்றார் கருணாகரன், தகரப் பெட்டியின் மேல் ஏறி நின்றுகொண்டு. அவர் சிரிக்கவில்லை.

"படகில் தாய் நிற்கிறாள். சோதிடன் சொன்ன கெடு இன்றோடு முடிந்தது. இனி பாசத்தைக் காட்டலாம். ஆனால் எப்படிக் காட்டுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. இத்தனை காலம் திட்டியே பழகிய வாய். அதனால் ஒரு கிண்ணம் சோறு கொண்டுவந்திருக்கிறாள். வா, சாப்பிடு என்கிறாள். அவ்வளவுதான் அவளுக்குச் சொல்ல வருகிறது. மகள் தண்ணீரில் இறங்கி நடக்கிறாள். தண்ணீர் முழங்கால்கூட இல்லை. இவ்வளவுதானா ஆழம் என்று இரண்டு பேரும் சிரிக்கிறார்கள்."

அவர் நிறுத்தியபோது யாரும் எழவில்லை. திரையில் கடல் வெகுநேரம் இருந்தது. பிறகு மேலே மெஷினில் கரிக்குச்சி எரிந்து தீர்ந்து, வெளிச்சம் தானாக மங்கி அணைந்தது. இருட்டில் மூக்கு உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. அதில் பெரிய சத்தம் காதர் மைதீனுடையது.

விளக்கைப் போட்டுவிட்டு வந்து அவர் மாணிக்கவாசகத்தைக் கட்டிக்கொண்டார்.

"படமே இல்லாம ஓட்டிட்டியேப்பா! எங்க உம்மா மூஞ்சி அப்படியே தெரிஞ்சிச்சு. இனிமே அந்த மைக்கு ஒன்னோடது. ஆனா ஒண்ணு. அந்தக் கூடையில வந்த புள்ள யாரு புள்ள?"

"அது பின்னால வரும் முதலாளி" என்றார் மாணிக்கவாசகம்.

கூட்டம் கலைந்தது. மாக் பொன்னம்மா வாசலில் ஹாஜாவின் திரிஷாவில் ஏறி, பக்கத்து இடத்தைக் கையால் தட்டித் துடைத்துவிட்டு மருமகளுக்காகக் காத்திருந்தார். அஞ்சலை திரும்பவும் உள்ளே வந்தாள். நேராக முக்காலி முன்னால் வந்து நின்றாள். மாணிக்கவாசகம் நெஞ்சைத் திடப்படுத்திக்கொண்டார்.

"அண்ணே, அடுக்குச் சட்டி வாங்கிட்டுப் போலாம்னு வந்தேன். இன்னைக்கு நீங்க தூங்கவே இல்லியே. சோறு சாப்டலியா?"

"சேதுராமன் சாப்புட்டான் தங்கச்சி."

"அதான் படம் நின்னு போச்சா!" அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்த வாரம் முழுக்க அவள் சிரித்து அவர் பார்த்ததில்லை.

"ஒங்க மாமியாகிட்ட நான் நன்றி சொன்னதா சொல்லும்மா. தெனமும் மறக்காம அனுப்பினாங்க."

"அவங்களா? அவங்களுக்கு இது தெரியவே தெரியாதுண்ணே" என்றாள் அஞ்சலை, காலி அடுக்கைக் கையில் எடுத்துக்கொண்டு. "மொத நாளு மைக்கப் புடிச்சிக்கிட்டே நீங்க தூங்குனதப் பாத்தேன், முழிச்சிருந்தா உண்மைக் கதையச் சொல்லிருவீங்கன்னுதான் தெனமும் ஒரு தேங்கா கூடுதலாப் புழிஞ்சேன்."